வேகம் குறைத்தால் ஆஃப் ஆகும் வண்டி

கேள்வி: ‘‘விடியற்காலையில் மல்லிகைப்பூவை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக, பெட்ரோலில் ஓடும் பழைய ஆம்னி வேன் இருக்கிறது. இன்ஜெக்‌ஷன் மாடல். ரோட்டில் நன்றாக ஓடுகிறது. ஆனால் வேகத்தடை, வளைவு என்று எங்கே வேகத்தைக் குறைத்தாலும் இன்ஜின் ஆஃப் ஆகிவிடுகிறது. சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. பிளக், ஃபில்டர், கடைசியாக பெட்ரோல் பம்ப் வரை மாற்றியாகிவிட்டது. இப்போது இன்ஜினையே இறக்க வேண்டும் என்கிறார்கள். வேறு வழி உண்டா?’’

- வாசகர், நிலக்கோட்டை.

பதில்: இன்ஜினை இறக்கும் பேச்சை இப்போதைக்கு ஒத்திவைக்கலாம். பாதி விடை கேள்வியிலேயே இருக்கிறது. பெட்ரோல் பம்ப் பலவீனமாக இருந்தால், பெட்ரோல் அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் முதலில் தெரியும். மேடு ஏறும்போது திணறும், பாரத்தோடு வேகமெடுக்காது. இந்த வண்டியோ வேகத்தில் நன்றாக ஓடுகிறது, ஆஃப் ஆனாலும் உடனே ஸ்டார்ட் ஆகிறது. ஆகவே ஆக்ஸிலேட்டரிலிருந்து கால் எடுத்த பிறகு நடக்கும் வேலையில்தான் கோளாறைத் தேட வேண்டும்.

கால் எடுத்ததும் இன்ஜினுக்குக் காற்று போகும் வாயில் உள்ள தகடு மூடிக்கொள்ளும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் நிறுத்திவிடும். வண்டி கியரில் இருப்பதால் சக்கரமே இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும். சுற்று குறைந்து ஐடிலிங் அளவை நெருங்கும்போது பெட்ரோல் மறுபடி வரும். மூடிய தகட்டின் ஓரத்திலும், ஐடில் வால்வு இருக்கும் சிறு பாதையிலும் கொஞ்சம் காற்று போய் இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும். மடையை அடைத்த பிறகும் ஓரத்தில் கசியும் தண்ணீர் மாதிரி அந்தக் காற்று. அந்த ஓரத்தில் வருடக்கணக்கில் கரி படிந்துவிட்டால், கிளட்சை மிதித்ததும் சடாரென்று விழும் சுற்றைத் தாங்க ஆளில்லை. வண்டி ஆஃப் ஆகிவிடும்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது த்ராட்டில் பாடி. ஆம்னியில் முன்சீட்டைத் தூக்கினால் இன்ஜின் தெரியும். ஏர் ஃபில்டரிலிருந்து வரும் குழாயைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தாலே போதும். தகட்டைச் சுற்றிக் கறுப்பு வளையம் இருந்தால் ஆளைப் பிடித்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கென்றே விற்கும் த்ராட்டில் கிளீனர் ஸ்ப்ரேயைத் துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும். சில நூறு ரூபாய்தான் செலவு. ஐடில் வால்வையும் கழற்றி, அது உட்காரும் துளையில் உள்ள கரியை எடுக்க வேண்டும். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், சாவி ஆஃபில் இருக்க வேண்டும். உப்புத்தாள், கம்பி பிரஷ் கூடவே கூடாது. துடைத்த பிறகு ஐடிலிங் கொஞ்ச நேரம் ஏறி இறங்கினால் பயப்பட வேண்டாம். கரிக்குத் தகுந்தபடி பழகியிருந்த கம்ப்யூட்டர் புதிய அளவைக் கற்றுக்கொள்ளும் நேரம் அது. ஆக்ஸிலேட்டர் கேபிளே இல்லாத புதிய மாடல் கார்களில் மட்டும் தகட்டை விரலால் தள்ளாமல் ஒர்க் ஷாப்பில் விடுவது நல்லது.

இந்த இடத்தில் பல ஒர்க் ஷாப்புகளில் ஒரு குறுக்குவழி நடக்கிறது. தகட்டின் ஸ்க்ரூவைத் திருகி ஐடிலிங்கைத் தூக்கிவிடுவார்கள். அன்றைக்கு வண்டி நிற்காது. பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், கரி அப்படியே இருக்கும். அந்த ஸ்க்ரூவைக் கார்புரேட்டர் வண்டியில் தொடலாம், இன்ஜெக்‌ஷன் வண்டியில் தொடக்கூடாது.

கரி இல்லையென்றாலோ, துடைத்தும் சரியாகவில்லை என்றாலோ, அடுத்தது காற்றுக் கசிவு. களத்திலும் கொட்டகையிலும் நிற்கும் வண்டிகளில் எலி கடித்த ரப்பர் டியூப் சகஜம். இன்ஜின் ஓடும்போது ‘உஸ்’ என்ற சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஒவ்வொரு டியூபாக அமுக்கிப் பிடிக்கும்போது ஓட்டம் சீரானால், கசிவு அந்தப் பக்கம்தான். பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் இன்னொரு சோதனையும் உண்டு. நின்ற இடத்தில் ஐடிலிங்கில் விட்டு பிரேக்கை மிதித்து அப்படியே பிடிக்க வேண்டும். ஒரு நொடி அசைந்து இன்ஜின் சமாளித்தால் தவறில்லை. பிடித்திருக்கும் வரை தடுமாறினாலோ, ஆஃப் ஆனாலோ பூஸ்டரின் உள்ளே கசிவு. இதைத் தள்ளிப்போடக் கூடாது. இன்ஜின் கோளாறாகத் தெரிவது உண்மையில் பிரேக் கோளாறு.

மீதியை வண்டி ஆஃப் ஆகும் நேரத்தை வைத்தே பிரிக்கலாம். ஹெட்லைட் எரியும்போது மட்டும் என்றால், ஐடிலிங்கில் பேட்டரி முனைகளில் வோல்ட் பார்க்க வேண்டும். சுமார் 13.5-க்கு மேல் இருக்க வேண்டியது 12.5-க்குக் கீழே போனால் பெல்ட் தளர்வு அல்லது ஆல்டர்னேட்டர். இருட்டில் கிளம்புகிற பூ வண்டிக்கு இது முக்கியம். டேங்கில் பெட்ரோல் குறைந்திருக்கும்போது மட்டும் என்றால், பிரேக் போட்டதும் இருக்கிற பெட்ரோல் முன்பக்கம் ஓடிவிடுகிறது. டேங்கை நிரப்பி இரண்டு நாள் ஓட்டினாலே தெரிந்துவிடும். வண்டியில் காஸ் கிட் இருந்தால் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். அதில் சரியாக ஓடினால், பார்க்க வேண்டியது காஸ் ரெடியூசரின் ஐடிலிங் செட்டிங். ஸ்பீடாமீட்டர் முள்ளும் வேலை செய்யவில்லையென்றால் வேக சென்சார். நன்றாகச் சூடேறிய பிறகு ஆஃப் ஆகி, ஆறின பிறகுதான் ஸ்டார்ட் ஆகிறது என்றால் கிராங்க் சென்சார் மீது சந்தேகம் வரலாம். ஆனால், உடனே ஸ்டார்ட் ஆகிற இந்த வண்டிக்கு அது பொருந்தாது.

கம்ப்யூட்டரில் ஸ்கேனர் போட்டுப் பார்க்கும் வசதி பக்கத்து டவுனில் இருந்தால், பொருளை மாற்றும் முன்பு அதைச் செய்யச் சொல்லலாம். பி0505 என்று வந்தால் ஐடிலிங் பகுதி. பி0171 பெட்ரோலுக்கு மிஞ்சிய காற்று, பெரும்பாலும் கசிவு. பி0500 வேக சென்சார். எண் எதுவும் வரவில்லை என்பதால் கோளாறு இல்லை என்று அர்த்தமல்ல. கரி படிந்த த்ராட்டில் எந்த எண்ணும் காட்டாமலே வண்டியை நிறுத்தும்.

சரியாகும் வரை வண்டி ஓட்டுகிறவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஓட்டத்தில் இன்ஜின் ஆஃப் ஆனால், பூஸ்டரில் மிச்சமிருக்கும் சக்தி ஓரிரு மிதிக்குத்தான் வரும். பிரேக்கை விட்டுவிட்டு மிதித்தால் அதுவும் போய்விடும். ஒரே மிதியாக, அழுத்தி மிதித்து ஓரங்கட்ட வேண்டும். வண்டி நிற்கும் முன் சாவியை உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கத்தையும் நிறுத்த வேண்டும். கியரில் இறங்கினால் இன்ஜெக்‌ஷன் வண்டி பெட்ரோலே எடுக்காது. நியூட்ரலில் ஐடிலிங்குக்கு எடுக்கும். மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செய்வதில் மிச்சம் எதுவும் இல்லை. இந்த வண்டி ஆஃப் ஆவதற்கு அதைவிட வசதியான சந்தர்ப்பமும் இல்லை.

கேள்வி: ‘‘டீசல் டிராக்டரிலும் இப்படித்தான் ஆகிறது. திருப்பத்தில் வேகத்தைக் குறைத்தால் நின்றுவிடுகிறது. அதற்கும் இதே வைத்தியமா?’’

- வாசகர், பழனி.

பதில்: இல்லை. பெரும்பாலான டிராக்டர்களில் அப்படியொரு காற்றுத் தகடே கிடையாது. அங்கே பார்க்க வேண்டியது டீசல் வரும் பாதை. ஃபில்டர் அடைத்திருக்கலாம், அடியில் தண்ணீர் தேங்கியிருக்கலாம், குழாய் மூட்டில் வாஷர் தேய்ந்து காற்று உள்ளே போகலாம். ஃபில்டரின் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கையால் பம்ப் அடித்தால் நுரையோடு டீசல் வரும். நுரை நின்று சுத்தமாக வரும் வரை அடித்துவிட்டு ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். இரண்டு நாளில் மறுபடி நுரை வந்தால், மூட்டுகளில் உள்ள செம்பு வாஷர்களைப் புதிதாகப் போட வேண்டும்.