பிழையை எழுதி வைப்போம்

கணினித் துறையில் பயிலும் நம் மாணவர்களிடையே ஒரு வழக்கம் வேரூன்றி வருகிறது. இடுபணியானாலும் இறுதியாண்டுத் திட்டமானாலும் எல்லாம் சரியாக இயங்குவதாகக் காட்டிவிட வேண்டும். இயங்காத பகுதியைச் செயல்விளக்கத்தின்போது தொடாமல் தாண்டிவிட வேண்டும். விரிவுரையாளர் கண்ணில் படாவிட்டால் அது பிழையே அன்று! இந்த வழக்கம் நம்மைக் கெடுக்கிறது என்பதே என் கருத்து. இதற்கு நான் காட்டும் சான்று, லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கரு.

உட்கரு என்பது வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் மென்பொருளுக்கும் நடுவே நின்று, நினைவகம், கோப்பு, வலையமைப்பு ஆகியவற்றைப் பங்கிட்டுத் தரும் நிரல். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு, ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது இதனைத் தொடங்கினார். இன்று இதன் மூல நிரல் 30 மில்லியன் வரிகளைத் தாண்டிவிட்டது. யார் வேண்டுமானாலும் இதைப் படிக்கலாம். படிக்கும்போது என்னை மிகவும் கவர்ந்தது அதன் ஒளிவு மறைவின்மையே.

'ஃபிக்ஸ்மீ' என்ற குறிப்பு அந்நிரலில் ஆயிரக்கணக்கான இடங்களில் வருகிறது. 'இங்கே குறை இருக்கிறது, திருத்த வேண்டும்' என்பது அதன் பொருள். ஒரு பிழையைத் திருத்துபவர், எந்தப் பழைய மாற்றத்தால் அது நுழைந்தது என்பதை 'ஃபிக்ஸஸ்' என்ற தலைப்பிட்டுக் குறிக்கிறார். பிழையைக் கண்டு சொன்னவரின் பெயரும் நன்றியுடன் பதிவாகிறது. கணினியின் அடிப்படை நிரலை உற்பத்தியாளர் தவறாக எழுதியிருந்தால், அதையும் 'ஃபர்ம்வேர் பக்' என்ற முன்னொட்டோடு உட்கரு திரையில் அறிவித்துவிடுகிறது. அச்சுப்பொறி ஏதோ கோளாறு என்கிறது. ஆனால் தாள் தீரவில்லை, இணைப்பும் அறவில்லை. அந்த நிலையில் 'எல்பி0 தீப்பற்றி எரிகிறது' என்ற பொருளில் ஒரு செய்தி வரும். இது நகைச்சுவைதான். ஆயினும் 'காரணம் எனக்குப் புரியவில்லை' என்ற உண்மை அதற்குள் இருக்கிறது.

பிறர் குற்றத்தைச் சொல்வது எளிது, தன் குற்றத்தைச் சொல்வார்களா என்று நீங்கள் கேட்கலாம். 2016ஆம் ஆண்டு அக்டோபரில் 'டர்ட்டி கவ்' என்ற பாதுகாப்புக் குறை வெளிவந்தது. சாதாரணப் பயனர் ஒருவர் கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற அது வழிவிட்டது. அதைத் திருத்தியவர் டோர்வால்ட்ஸ். பதினோர் ஆண்டுகளுக்கு முன்பே இதைத் தாம் திருத்த முயன்றதையும், அம்முயற்சி சரியாக அமையாததையும், வேறொரு வகைக் கணினியில் சிக்கல் எழுந்ததால் அது திரும்பப் பெறப்பட்டதையும் திருத்தக் குறிப்பிலேயே அவர் எழுதி வைத்தார். உலகம் படிக்கும் ஏட்டில் தம் தவற்றைத் தாமே பதிவதற்குத் துணிவு வேண்டும்.

இந்தப் பண்பு லினக்ஸுக்கு முன்பே தோன்றியது. 1975ஆம் ஆண்டு வெளிவந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் உட்கருவில், 'இதை நீங்கள் புரிந்துகொள்வீர்கள் என எதிர்பார்க்கவில்லை' என்ற பொருளில் ஒரு குறிப்பு இருந்தது. பலர் அதை ஆணவம் என்றே எண்ணினர். ஆனால் 'தேர்வில் இது வராது' என்பது போலத்தான் எழுதினோம் என்று டென்னிஸ் ரிச்சி பின்னாளில் விளக்கினார். உண்மையில் தங்களுக்கே அது சரியாகப் புரியவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். யூனிக்ஸை வேறொரு கணினிக்கு மாற்றியபோதுதான் அப்பகுதியின் அடிப்படைக் கோளாறு தெரியவந்தது.

பிழை நிரலில் மட்டும் இருப்பதில்லை, அமைப்பிலும் இருக்கலாம். உட்கருவைத் தொகுக்கும்போது நூற்றுக்கணக்கான கேள்விகளுக்கு விடை தர வேண்டும். பல கேள்விகளின் கீழே 'உறுதியாகத் தெரியாவிட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்' என்ற அறிவுரை இருக்கும். வட்டுக்கான இயக்கியைச் சேர்க்க மறந்தால், மூலக் கோப்பமைப்பை ஏற்ற முடியவில்லை என்று சொல்லி உட்கரு நின்றுவிடும். ஆனால் சும்மா நிற்பதில்லை. தன் கண்ணுக்குத் தெரியும் வட்டுப் பிரிவுகளைப் பட்டியலிட்டு, சரியானதைக் குறிப்பிடும்படி கேட்டுவிட்டே நிற்கும்.

நான் தொழிற்பயிற்சிக்குச் சென்ற ஓர் அலுவலகத்தில் இதற்கு நேர்மாறான நிலையைக் கண்டேன். வழங்கி ஒன்றின் அமைப்பை எவரோ மாற்றியிருந்தார். ஏன், எப்போது என்ற குறிப்பு ஒரு வரிகூட இல்லை. அது பழுதானபோது மூன்று நாட்கள் வீணாயின. மாற்றியவர் வேலையை விட்டுச் சென்றிருந்தார். எழுதப்படாத பிழை, அடுத்து வருபவரின் தலையில்தான் விழுகிறது.

பெரிய நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள், கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய ஓர் அமைப்புக் கோப்பினால் ஏறத்தாழ 8.5 மில்லியன் விண்டோஸ் கணினிகள் முடங்கின. வரையறையில் 21 உள்ளீடுகள். நிரல் கொடுத்ததோ 20. இல்லாத ஒன்றைப் படிக்கப்போய், உட்கருவில் இயங்கிய அந்நிரல் கணினியையே வீழ்த்தியது. சாங்கியிலும் கோலாலம்பூரிலும் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையால் பதிவு செய்ய நேர்ந்தது. ஒரே ஓர் எண்ணின் வேறுபாடு! அந்நிறுவனம் அடுத்த மாதம் காரணங்களை விரிவாக வெளியிட்டது. அதனால்தான் இன்று நம்மைப் போன்ற மாணவர்களும் அதைப் படித்துத் தெளிய முடிகிறது.

பிழையை வெளிப்படுத்தினால் தீயவர்களுக்கு வழிகாட்டியது ஆகாதா? நியாயமான ஐயம்தான். அதனால்தான் பாதுகாப்புக் குறைகள் முதலில் பொறுப்பாளர்களிடம் தனியே தெரிவிக்கப்படுகின்றன; திருத்தம் தயாரானதும் அனைவருக்கும் அறிவிக்கப்படுகின்றன. வெளியிடுவதற்கு உரிய காலம் வரை காத்திருப்பது வேறு, என்றென்றும் மூடி மறைப்பது வேறு.

வள்ளுவர் குற்றங்கடிதல் என்று தனி அதிகாரமே வகுத்தார். தன் குற்றத்தை முதலில் களைந்த பிறகே பிறர் குற்றத்தைக் காண வேண்டும் என்பது அதில் ஒரு கருத்து. நம் குற்றத்தை நாமே மறைத்தால் அதனை எப்படிக் களைவது?

ஆகவே, என் கோரிக்கை இரண்டு. மாணவர்கள் தம் திட்ட அறிக்கையில் 'அறியப்பட்ட குறைகள்' என்று ஒரு பகுதியை எழுத வேண்டும். விரிவுரையாளர்கள் அதற்காகப் புள்ளிகளைக் குறைக்காமல், நேர்மையாக எழுதியதற்கு ஒரு பங்கு புள்ளி தர வேண்டும். குறையைச் சொன்னால் தண்டனை என்றிருக்கும் வரை எவரும் வாய் திறக்க மாட்டார். நாளை மருத்துவமனையிலும் வங்கியிலும் இயங்கப்போகும் நிரல்களை எழுதுபவர்கள் நாமே. அங்கே மறைக்கப்படும் பிழைக்கு விலை கொடுப்பவர்கள் நம்மை நம்பிய மக்கள். பிழையை எழுதி வைக்கும் பழக்கத்தைப் பல்கலைக்கழகத்திலேயே தொடங்குவோம்.