வழிகாட்டியவருக்கு மரியாதை, எடுத்தவருக்கே படம்
ஆவணப்பட வழிகாட்டுதல் குறித்து எங்கள் அமைப்பின் நிலைப்பாடு

முதல் ஆவணப்படம் எடுக்க வரும் இளைஞருக்கு ஒரு மூத்த இயக்குநர் வழிகாட்டுகிறார். அந்தப் படத்தில் மூத்தவருக்கு என்ன உரிமை? கேமராவும் எடிட்டிங் அறையும் தந்து உதவும் அமைப்புக்கு என்ன உரிமை? எங்கள் பதில் இது: டைட்டிலில் வழிகாட்டி என்று மூத்தவர் பெயர் வரட்டும், படத்தின் உரிமையில் அவருக்கோ அமைப்புக்கோ பங்கு கிடையாது.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் ஆசிரியர் அதன் தயாரிப்பாளர்தான், இயக்குநர் அல்ல. புதியவர்கள் பலருக்கு இது தெரியாது. நன்றிக்கடனாகத் 'தயாரிப்பு' என்று இன்னொருவர் பெயரைப் போட்டுவிட்டால், பிறகு திரைப்பட விழாவுக்கோ தொலைக்காட்சிக்கோ படத்தைக் கொடுக்க அவருடைய கையெழுத்துக்காகக் காத்திருக்க நேரும்.

நல்ல வழிகாட்டுதல் என்பது ரஷ் (எடுத்துவந்த, வெட்டாத காட்சிகள்) பார்க்கும் இடத்தில் நடப்பது. உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண்மணியை மாணவி பேட்டி எடுத்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கூலியைப் பற்றிப் பேசிவந்த அம்மா சட்டென்று நிறுத்தி, வெடித்த பாதங்களைப் பார்க்கிறார். மாணவி பதற்றத்தில் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறார். வழிகாட்டி அந்த இடத்தில் ஓட்டத்தை நிறுத்தி, "இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் அவரே பேசியிருப்பார்" என்று காட்டித் தர வேண்டும். "இந்த முகம் திரையில் வந்தால் நாளைக்கு இவருக்கு வேலை இருக்குமா?" என்றும் கேட்க வேண்டும். இந்த இரண்டையும் கற்றுத் தந்தவர் பெரிய உதவி செய்திருக்கிறார். ஆனால் அந்த அம்மாவின் நம்பிக்கையைப் பெற்றது மாணவி, படமும் அவருடையதே.

வழிகாட்டி உரிமை கோராமல் ஒதுங்கி நின்றால் என்ன விளையும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 1984இல் அகமதாபாத்தில் சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவா அமைப்பின் பெண்கள் வீடியோ பயின்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அவர்களில் இருந்தார்கள். தெலங்கானாவின் பஸ்தாபூரில் தக்காண வளர்ச்சிச் சங்கத்தைச் சேர்ந்த தலித் பெண் விவசாயிகள் கேமரா பழகி, வாரங்கலில் மரபணு மாற்றிய பி.டி. பருத்தி பயிரிட்ட விவசாயிகளின் நிலையைப் படமாக்கினார்கள். மேலிருந்து எடுத்தால் பண்ணையார் பார்வை, கீழிருந்து எடுத்தால் அடிமையின் பார்வை, கண்ணுக்கு நேராக எடுத்தால் சங்கத்தில் சமமாக உட்கார்ந்தவரின் பார்வை என்று கோணங்களை அவர்களே வகுத்துக்கொண்டார்கள். கருவியைக் கையாளப் பிறர் பழக்கலாம். இந்தத் தெளிவு அவர்கள் வாழ்க்கையிலிருந்து வந்தது.

1948இல் தொடங்கிய அரசு ஆவணப்பட நிறுவனமான ஃபிலிம்ஸ் டிவிஷன், 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டது. இப்படிச் சம்பளத்தோடு தொழில் பழகும் இடங்கள் அருகிவரும் இக்காலத்தில், புதியவர்கள் தனிமனிதர்களின் நல்லெண்ணத்தையே நம்பியிருக்கிறார்கள். அதனால்தான் எழுத்தில் ஒப்பந்தம் தேவை என்கிறோம்.

எங்கள் உறுப்பினர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. வழிகாட்டத் தொடங்கும் முன்பே தமிழில் ஒரு பக்க ஒப்பந்தம். படமும், ஹார்ட் டிஸ்க்கில் உள்ள மொத்த ஃபுட்டேஜும் எடுத்தவருக்கே உரியவை.
2. இரண்டு நாள் பட்டறையோடு கைகழுவக் கூடாது. கரு, களப்பணி, ரஃப் கட், இறுதி வடிவம் என நான்கு கட்டங்களிலும் உடன் இருக்க வேண்டும்.
3. கற்க வந்தவரைத் தம் சொந்தப் படத்துக்கு வேலை வாங்கினால் சம்பளம் தர வேண்டும்.
4. படத்தில் பேசுபவர்களுக்கு ரஃப் கட்டைப் போட்டுக் காட்டி, அதன் பிறகும் சம்மதம் கேட்கப் பழக்க வேண்டும்.
5. வழிகாட்டிமீது புகார் இருந்தால், அதை அமைப்புக்கு வெளியே உள்ள ஒருவரிடம் சொல்ல வழி இருக்க வேண்டும்.

"நேரமும் உழைப்பும் கொடுப்பவருக்கு ஒன்றும் கிடையாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். உழைப்புக்கு ஊதியம் வேண்டும். ஆனால் அதைக் கையில் காசில்லாத இளைஞரிடம் படமாக வசூலிக்கக் கூடாது. உதவித்தொகை வழங்கும் நிறுவனங்களும் காட்சித் தொடர்பியல் துறை நடத்தும் கல்லூரிகளும் வழிகாட்டிக்கான ஊதியத்தைத் தங்கள் பட்ஜெட்டிலேயே தனியாக ஒதுக்க வேண்டும். உண்மையிலேயே சேர்ந்து இயக்குவதானால் இணை இயக்குநர் என்று இருவரும் முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளலாம்.

இந்த நிலைப்பாடு எங்கள் உறுப்பினர் அனைவரையும் கட்டுப்படுத்தும். ஒப்பந்தம் எழுத மறுப்பவரைப் புதியவர்களுக்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். பிற திரைப்பட அமைப்புகளும் இதை ஏற்றுக்கொள்ள வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறோம்.