‘1 ரூபாய் ட்ரையல்’ வலை: ஷாம்பு பாக்கெட்டைப் பார்த்து ஆப்கள் கத்துக்கணும்!

‘1 ரூபாய் மட்டும்!’ என்று பெரிய எழுத்தில் ஒரு பட்டன். அதற்குக் கீழே, வெயிலில் நின்று பார்த்தால் தெரியவே தெரியாத சாம்பல் நிறத்தில் ஒரு வரி: ‘7 நாள்களுக்குப் பிறகு மாதம் 299 ரூபாய்’. குட்டி சீரியல் ஆப், ஜோசிய ஆப், இங்கிலீஷ் பேசக் கற்றுத்தரும் ஆப் என்று பல இடங்களில் இந்தத் திரையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தொகை மட்டும் ஆப்புக்கு ஆப் மாறும்.

பட்டனைத் தட்டி யுபிஐ பின் நம்பரைப் போடுகிறோம். ஒரு ரூபாய்தானே போச்சு என்று நினைக்கிறோம். உண்மையில் அங்கே நாம் கொடுத்தது ஆட்டோபே அனுமதி. இனி மாதாமாதம் நம்மைக் கேட்காமலேயே கணக்கிலிருந்து பணம் போகும். எவ்வளவு போகும், எத்தனை நாளைக்கு ஒருமுறை போகும் என்பதெல்லாம் அந்த பின் நம்பர் திரைக்கு முன்பே காட்டப்படும். ஆனால் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டு அதை யார் படிக்கிறார்கள்?

இலவசமாகப் பயன்படுத்துகிறவரைப் பணம் கட்டும் சந்தாதாரராக மாற்றுவதை ஆப் உலகத்தில் ‘கன்வெர்ஷன்’ என்பார்கள். அதில் தப்பே இல்லை. சர்வருக்குச் செலவாகிறது, எழுதுகிறவர்களுக்கும் கோடு அடிக்கிறவர்களுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும், விளம்பரத்தை மட்டும் நம்பி ஓட்ட முடியாது. நான் இருக்கும் செய்தித் துறைக்கும் இதே தலைவலிதான். காசு கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். எப்படிக் கேட்கிறீர்கள் என்பதுதான் இங்கே பிரச்சினை.

வள்ளூர் பக்கம் வந்து பாருங்கள். 1,500 மெகாவாட் அனல்மின் நிலையம், கொஞ்சம் தள்ளி எண்ணூர் காமராஜர் துறைமுகம், சுற்றிலும் கம்பெனிகள். காண்ட்ராக்ட்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஷிஃப்ட் கிடைத்த மாதம் ஒரு சம்பளம், கிடைக்காத மாதம் ஒரு சம்பளம். ஷிஃப்ட் முடிந்து அத்திப்பட்டு புதுநகர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது கையில் இருப்பது போன்தான். இவர்கள் பொழுதுபோக்குக்குக் காசு செலவழிக்காதவர்கள் இல்லை. கையில் காசு இருக்கும் வாரம் செலவழிப்பார்கள், இல்லாத வாரம் நிறுத்திக்கொள்வார்கள். ஒரே வார்த்தையில் சொன்னால், ரீசார்ஜ்.

இது தமிழ்நாட்டு வியாபாரிகளுக்குப் புது விஷயம் இல்லை. கடலூர் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் போட்டு விற்றவர். அவருடைய மகன் சி.கே.ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலீட்டில் ‘சிக்’ ஷாம்புவைத் தொடங்கினார். ஐந்து காலிப் பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று ஒரு திட்டம் போட்டார். முதலில் எந்த கம்பெனியின் காலிப் பாக்கெட்டும் செல்லும். பிறகு சிக் பாக்கெட் மட்டும்தான் செல்லும் என்று மாற்றினார். யோசித்துப் பாருங்கள், அசல் ஃப்ரீ ட்ரையல் இது! அடுத்த கம்பெனியின் வாடிக்கையாளரை இலவசம் கொடுத்து இழுத்து, பிறகு தன் பொருளையே வாங்க வைத்துவிட்டார். ஆனால் தலைக்குக் குளிக்காத வாரம் யாரும் நம் சட்டைப் பையில் கைவிட்டுக் காசு எடுக்கவில்லை.

போனிலேயே உதாரணம் வேண்டுமா? ஜியோ. 2016 செப்டம்பர் 5-இல் இலவசமாகத் தொடங்கி, 2017 மார்ச் 31 வரை அப்படியே கொடுத்தார்கள். நெட் இல்லாமல் இருக்க முடியாது என்ற நிலை வந்த பிறகு, 99 ரூபாய் கட்டி ‘பிரைம்’ மெம்பர் ஆகுங்கள் என்று நேராகவே கேட்டார்கள். அந்த மார்ச் முடிவதற்குள் சேர்ந்தவர்கள் 7.2 கோடி பேர் என்று நிறுவனமே அறிவித்தது. இலவசத்தைக் காட்டி சந்தையைப் பிடித்தது நியாயமா என்பது தனி விவாதம். பணம் கேட்ட விதத்தில் மட்டும் ஒளிவுமறைவு இல்லை. ஸ்பாட்டிஃபைகூட 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது ஒரு நாளைக்கு 13 ரூபாய், ஒரு வாரத்துக்கு 39 ரூபாய் என்று பாக்கெட் போட்டுத்தான் விற்றது.

அப்புறம் ஏன் பல ஆப்கள் ஆட்டோபேயையே கட்டிக்கொண்டு அழுகின்றன? மறதியில் லாபம் இருக்கிறது. ரீசார்ஜ் என்றால் ஒவ்வொரு முறையும் நாம் ‘வேணும்’ என்று முடிவெடுக்க வேண்டும். ஆட்டோபேயில் ‘வேணாம்’ என்று சொல்லத்தான் மெனக்கெட வேண்டும். அமெரிக்காவில் அமேசான் பிரைம் சந்தாவை ரத்துசெய்யும் வழிக்கு நிறுவனத்துக்குள் வைத்திருந்த பெயர் ‘இலியட்’. முடிவே இல்லாமல் நீளும் போரைப் பாடும் கிரேக்கக் காவியம். அந்த வழக்கு 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு சமரசமானது.

சட்டம் என்ன சொல்கிறது?

நம்ம ஊர் சட்டம் மோசமில்லை. ஆட்டோ டெபிட் நடப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் வர வேண்டும், வேண்டாம் என்று விலகவும் வழி இருக்க வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கி. 2021 அக்டோபர் 1 முதல் இதைக் கறாராக அமல்படுத்தினார்கள். ஆனால் அந்த மெசேஜ் பத்து லோன் விளம்பரங்களுக்கு நடுவே வந்து விழுகிறது.

2023 நவம்பர் 30-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியல் போட்டுத் தடைசெய்தது. ‘சந்தா பொறி’ அதில் ஒன்று. இலவசச் சந்தாவுக்காக ஆட்டோ டெபிட் அனுமதியைக் கட்டாயப்படுத்திக் கேட்பதும் இந்தப் பொறிக்குள் வரும். இங்கேதான் அந்த ஒரு ரூபாயின் சூட்சுமம். ஒரு ரூபாய் வாங்கிவிட்டால் ‘இது இலவசமே இல்லையே’ என்று வாதாடலாம். என் பார்வையில் இது சட்டத்தைச் சுற்றிப் போகும் குறுக்குச் சந்து. பெயரளவுக்குக் காசு வாங்கும் ட்ரையல்களையும் விதியில் சேர்த்துவிட்டால் அந்தச் சந்து அடைபடும். 2025 ஜூனில் இ-காமர்ஸ் தளங்களைத் தாங்களே தணிக்கை செய்துகொள்ளும்படி ஆணையம் அறிவுறுத்தியது. வலை விரித்தவரிடமே வலையைச் சோதிக்கச் சொன்னால் என்ன ரிசல்ட் வரும் என்று நீங்களே யோசியுங்கள்.

அதுவரை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தால் மட்டும் ஆட்டோபே ரத்தாகாது, இதைப் பலர் கவனிப்பதில்லை. உங்கள் யுபிஐ ஆப்பைத் திறந்து ஆட்டோபே பகுதிக்குப் போங்கள். எந்தெந்த ஆப்புக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்ற பட்டியல் அங்கே இருக்கும். வேண்டாததை ரத்துசெய்துவிடுங்கள். பணம் எடுக்கும் தேதிவரை காத்திருக்காமல், இரண்டு நாள் முன்பே செய்வது நல்லது. அப்படியும் பணம் போனால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் கொடுக்கலாம். அந்தச் சாம்பல் நிற வரி இருக்கும் திரையை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தால் புகாருக்கு உதவும்.