நிலத்தின் விலையும் நீரின் மதிப்பும்

விளைநிலத்திற்கு மதிப்பளிப்பது யாது? மண் என்பர் சிலர். சாலையும் சந்தையும் என்பர் சிலர். நம் முன்னோரோ நீரே என்று தெளிந்தனர். நீர்ப்பாசனம் உடைய நிலத்தை நன்செய் என்றும், மழையை நம்பிய மேட்டுநிலத்தைப் புன்செய் என்றும் பிரித்தனர். தீர்வையும் நன்செய்க்கே மிகுதி.

இவ்வுண்மைக்கு வடசென்னையை அடுத்த மீஞ்சூர் சான்றாகும். பூண்டி வழியாக வரும் கொசத்தலையாறு எண்ணூரில் கடலோடு கலக்கின்றது. அவ்வாறு பன்னெடுங்காலம் கொணர்ந்து சேர்த்த மணற்படுகையின் அடியில் நன்னீர் நிறைந்திருந்தது. 1960களின் பிற்பகுதி முதல், சென்னை மாநகருக்காகவும் மணலித் தொழிற்சாலைகளுக்காகவும் ஆழ்குழாய்க் கிணறுகள் வழியே அந்நீர் எடுக்கப்பட்டது. உழவரும் மின்பொறி கொண்டு இறைத்தனர். மழை ஊட்டிய அளவினும் மாந்தர் எடுத்த அளவு விஞ்சியது. நன்னீர் தாழவே, கடல்நீர் நிலத்தின் அடியில் பல கிலோமீட்டர் உட்புகுந்தது. கிணறுகள் உவர்த்தன. நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த 1987ஆம் ஆண்டு சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் உவர் நீங்கவில்லை.

தன் கிணற்று நீரை ஒருவன் விற்றால் என்ன குற்றம் என்று வினவலாம். கிணறு அவனுடையது, ஆனால் அதனுள் ஊறும் நீருக்கு வேலியில்லை. ஒருவன் மிகுதியாக இறைப்பின் அயலான் வயலும் வறளும்.

இழந்த நீரின் விலையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 2010ஆம் ஆண்டு மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீரைக் கடல்நீரினின்று பிரித்துத் தரும் நிலையம் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் ஆயிரம் லிட்டருக்கு ஏறத்தாழ 48 ரூபாய் விலையாயிற்று. ஒரு போக நெல்லுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் நீர் வேண்டும். ஏக்கருக்கு அது 48 இலட்சம் லிட்டராகும். அந்நிலையத்து நீரைப் பாய்ச்சினால் ஓர் ஏக்கர் நெல்லுக்கு நீர்ச்செலவு மட்டுமே இரண்டு இலட்சம் ரூபாயைக் கடக்கும். அந்நெல்லை விற்று அப்பொருளை ஈட்டல் இயலுமோ? இயற்கை விலையின்றி அளித்த செல்வம் எத்துணைப் பெரிது என்பது இப்போது விளங்குகின்றதன்றோ?

மாணவர்களே! நகர் வளர வளர மனையின் விலை உயரும். அதனால் விளைநிலத்தின் மதிப்பு உயர்ந்ததாகக் கொள்ளற்க. நகரின் தாகமும் தீரத்தான் வேண்டும். எனினும் மழை தரும் அளவிற்குள்ளேயே நிலத்தடி நீரை எடுத்தல் வேண்டும். ஏரிகளைத் தூர் வாரி, ஆற்றில் தடுப்பணை கட்டி, நீரை மண்ணுக்கு மீட்டளித்தல் வேண்டும். நிலத்தை விலைபேசுவோர் முதலில் அதன் கிணற்று நீரைச் சுவைத்துப் பார்ப்பாராக.