டிரெய்லர் மடங்கினால் குற்றவாளி யார்?

சயானில் தொடங்கி, செம்பூரையும் மான்குர்டையும் கடந்து, வாஷி பாலத்தின் வழியாகப் பன்வேலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் மழைக்காலத்தில் இது புதிய காட்சியல்ல. 40 அடி கண்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் ஒன்று சாலைக்குக் குறுக்கே முழங்கையைப் போல மடங்கி நிற்கிறது. அதன் அடியில் ஓர் ஆட்டோவோ, இரு சக்கர வாகனமோ நசுங்கிக் கிடக்கிறது. மறுநாள் நாளிதழில் ஒரே வரி: ஓட்டுநர் கட்டுப்பாட்டை இழந்தார், கைது செய்யப்பட்டார். அந்த ஒரு வரியோடு விசாரணை முடிந்துவிடுகிறது. சரக்கை அனுப்பியவர், ஏற்றியவர், வண்டியின் உரிமையாளர், நேரம் குறித்துக் கொடுத்தவர், சாலை அமைத்தவர் ஆகியோரில் ஒருவர் பெயரும் அதில் இல்லை.

டிரெய்லர் ஏன் மடங்குகிறது? இழுத்துச் செல்லும் முன்வண்டியும் பின்னால் வரும் டிரெய்லரும் ஓர் இணைப்பில் மட்டுமே பிணைக்கப்பட்டவை. திடீரென்று பிரேக் பிடிக்கும்போது முன்வண்டியின் பின்சக்கரங்கள் சுழலாமல் பூட்டிக்கொண்டால், அவை சாலையைப் பற்றும் திறனை இழக்கின்றன. பின்னாலிருந்து டன் கணக்கான எடை தள்ளுகிறது. தள்ளப்பட்ட முன்வண்டி திரும்பி, தான் இழுத்து வந்த டிரெய்லர் மீதே மோதுகிறது. மடங்கத் தொடங்கியபின் அதை மீட்க எந்தத் திறமையான கைக்கும் நேரம் கிடைப்பதில்லை. ஆகவே விபத்தின் காரணங்கள் அந்த நொடிக்கு முன்னரே சேர்ந்துவிட்டவை: தேய்ந்த டயர், எல்லாச் சக்கரங்களிலும் ஒரே அளவில் பிடிக்காத பிரேக், அனுமதிக்கு மேற்பட்ட எடை, நீர் தேங்கிய பள்ளம், உறக்கம் கண்டிராத கண்கள். காலி டிரெய்லர் இன்னும் எளிதாக மடங்கும். மேலே எடை இல்லாத சக்கரங்கள் விரைவில் பூட்டிக்கொள்கின்றன.

கண்டெய்னரைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. அது முத்திரையிடப்பட்டு வருகிறது. உள்ளே சரக்கு நடுவில் அடுக்கப்பட்டிருக்கிறதா, ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறதா என்று திறந்து பார்க்க ஓட்டுநருக்கு உரிமை கிடையாது. தன் கண்ணால் காணாத சுமைக்கு அவர் சிறை செல்கிறார்.

சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் கருவி 2015 முதல் புதிய கனரக வண்டிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முந்தைய வண்டிகளை அந்த விதி தொடவில்லை. பொருத்தப்பட்ட கருவியைப் பழுது நீக்கிப் பராமரிக்கும் செலவு உரிமையாளருடையது. ஒரு நாள் வண்டியை நிறுத்தினால் ஒரு நாள் வாடகை போகும் என்பதே அவருடைய கணக்கு. மறுபுறம், 2018 ஜூலையில் மோடி அரசு சரக்கு வாகனங்களின் அனுமதிக்கப்பட்ட அச்சுச் சுமையை 20 முதல் 25 விழுக்காடு வரை உயர்த்தியது. முதல் நாள் வரை சட்டவிரோதமாக இருந்த சுமையின் ஒரு பகுதி, ஓர் அறிவிக்கையால் சட்டபூர்வமாயிற்று. பள்ளமான சாலையும் ஒப்பந்ததாரரின் பாலமும் அப்படியே இருந்தன.

2022 நவம்பர் 20 அன்று புனேயின் நவலே பாலத்தருகே ஒரு லாரி இறக்கத்தில் கட்டுப்பாடிழந்து பல வாகனங்களைச் சேதப்படுத்தியது. டீசலை மிச்சப்படுத்த ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு இறக்கத்தில் வண்டியை உருட்டினார் என்று போலீசார் கூறினர். எஞ்சின் நின்றால் பிரேக்குக்குக் காற்றழுத்தம் தரும் கம்பிரசரும் நிற்கும்; சில முறை மிதித்தபின் பிரேக் வெறும் பெடல்தான். இது பேராபத்தான செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஓட்டுநர் யாருடைய டீசலை மிச்சப்படுத்துகிறார்? ஒரு லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கணக்குக் கேட்டு, குறைந்தால் படியில் பிடித்துக்கொள்ளும் முறையை உருவாக்கியவர் யார்? வழக்குக் கட்டில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

ஒன்றிய அரசின் கணக்குப்படி 2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். பத்தில் ஏழு பங்கு விபத்துகளுக்கு அதிவேகமே காரணம் என்று அதே அறிக்கை கூறுகிறது. அந்த வேகம் எங்கிருந்து பிறந்தது என்பதற்குப் புள்ளிவிவரம் இல்லை. மும்பையில் காலை, மாலை நெரிசல் வேளைகளில் கனரக வண்டிகளுக்குத் தடை உண்டு. தடை தேவையே, பள்ளிக் குழந்தைகள் சாலையைக் கடக்கும் நேரம் அது. ஆனால் அந்த நேரங்களில் ஓட்டுநர் எங்கே நிற்பது, எங்கே குளிப்பது, எங்கே உறங்குவது என்பதை நகர நிர்வாகம் தன் பொறுப்பாகக் கருதவில்லை. தடை நீங்கியவுடன் இழந்த மணிகளை ஈடுகட்ட வண்டிகள் பாய்கின்றன. துறைமுகத்தின் கதவு மூடும் நேரம் தள்ளிப்போவதில்லை.

வேலை நேரம் பற்றிச் சட்டம் இல்லாமலில்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 91ஆம் பிரிவும் அதையே சுட்டுகிறது. கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், இந்த வரம்பைச் செயல்படுத்துமாறு 2025இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஏட்டில் இருந்த சட்டத்தின் கதி இது. அதே ஆண்டு நவம்பர் 21 அன்று மோடி அரசு நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1961ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றில் ஒன்றுக்குள் கரைக்கப்பட்டது. பழைய சட்டம் 5 தொழிலாளர்களைக் கொண்ட நிறுவனத்துக்கே பொருந்தியது. புதிய தொகுப்பு மோட்டார் போக்குவரத்து நிறுவனத்துக்கு 10 பேர் என்று வரம்பை உயர்த்தியது. ஒன்றிரண்டு லாரிகள் வைத்திருப்போரே நிறைந்த தொழிலில் இதன் பொருள், கோடிக்கணக்கில் சரக்கு அனுப்பும் பெருநிறுவனம் சிறு உரிமையாளரின் பின்னால் நின்றுகொள்ளலாம் என்பதே.

யாருக்கு எவ்வளவு தண்டனை?

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் 2 ஆண்டு வரை சிறை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு அதை 5 ஆண்டாக்கியது. மருத்துவர்களுக்கு மட்டும் 2 ஆண்டாகவே வைத்தனர். மருத்துவர் சங்கத்தின் கோரிக்கை ஏற்கப்பட்டது என்று அமித் ஷா மக்களவையில் கூறினார். மருத்துவர்கள் கேட்டதில் தவறில்லை. லாரி ஓட்டுநர்களை யாரும் கேட்கவில்லை. அவர்களுக்குக் கிடைத்தது 106(2): விபத்துக்குப் பின் போலீசுக்கோ நீதித்துறை நடுவருக்கோ தெரிவிக்காமல் தப்பினால் 10 ஆண்டு வரை சிறையும் அபராதமும். (7 லட்சம் ரூபாய் அபராதம் என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது; நமது துண்டறிக்கைகள் சிலவும் அதையே எழுதின. சட்டத்தில் அப்படித் தொகை ஏதும் இல்லை. எதிர்க்கும் சட்டத்தைப் படித்துவிட்டு எதிர்ப்பதே வலிமை.)

அடிபட்டவரை விட்டுவிட்டு ஓடுவதை எவரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் ஏன் ஓடுகிறார்? மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவே, கூட்டத்தின் ஆத்திரத்தால் இயலாத நிலை தவிர, காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும் என்று கூறுகிறது. அடித்துக் கொல்லப்படும் அச்சத்தை ஒரு சட்டம் ஒப்புக்கொள்கிறது. இன்னொரு சட்டம் அதே அச்சத்துக்குப் பத்தாண்டு விதிக்கிறது.

2024 ஜனவரி 1 அன்று ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்தினர். மன்மாட் அருகே எண்ணெய்க் கிடங்குகளில் டேங்கர்கள் நகரவில்லை; பல நகரங்களில் பெட்ரோல் நிலையங்கள் முன் வரிசைகள் நீண்டன. மறுநாளே ஒன்றிய உள்துறைச் செயலாளர் பேச்சுவார்த்தைக்கு வந்தார். பிப்ரவரியில் வெளியான அறிவிக்கை, 2024 ஜூலை 1 முதல் சன்ஹிதா அமலாகும், 106(2) நீங்கலாக, என்றது. அந்தப் பிரிவு ரத்தாகவில்லை. இன்னோர் அறிவிக்கை வரும்வரை உறங்குகிறது, அவ்வளவே.

உரிமையாளரைத் தொட இன்றைய சட்டத்திலேயே வழி உண்டு. அதிகச் சுமையோடு சென்ற வண்டியின் ஓட்டுநர் உரிமையாளர் அல்லாதவரானால், குற்றம் உரிமையாளரின் அறிவோடு அல்லது உத்தரவின்படி நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என 113(4) கூறுகிறது. சாலை வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் தவறிய ஒப்பந்ததாரர் மீது 198ஏ பிரிவில் நடவடிக்கை எடுக்கலாம்; அங்கே உச்ச தண்டனை 1 லட்சம் ரூபாய் அபராதம். ஓர் உயிருக்கு ஓட்டுநர் 5 ஆண்டும், ஒப்பந்ததாரர் 1 லட்சமும் செலுத்த வேண்டும் என்பதே இந்தச் சட்டங்களின் விலைப்பட்டியல். இழப்பீட்டு வழக்கில் மட்டும் உரிமையாளரின் பொறுப்பு மறுக்கப்படுவதில்லை. ஏனெனில் அங்கே காப்பீட்டு நிறுவனம் பணம் தரும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 ஒழுங்குமுறை, ஓட்டுநரின் விதிமீறலுக்கு நிறுவனத்தைப் பொறுப்பாக்குகிறது. சாலைப் பாதுகாப்பைக் கெடுக்கும் வகையில் தூரத்தைக் கணக்கிட்டு ஊதியம் தருவதைத் தடை செய்கிறது. சரக்கு அனுப்புவோர் ஒப்புக்கொள்ளும் கால அட்டவணையும் வேலை நேர விதிக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்கிறது. ஆஸ்திரேலியாவில் ஏற்றுபவர், நேரம் குறிப்பவர், அனுப்புபவர் என்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் சட்டப் பொறுப்பு உண்டு. அவை சோசலிச நாடுகள் அல்ல. முதலாளித்துவ நாடுகளிலேயே தொழிற்சங்கங்கள் போராடிப் பெற்றவை இங்கே மறுக்கப்படுகின்றன.

மும்பைத் தமிழருக்கு இது தொலைவான செய்தியல்ல. செம்பூரின் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் வடாலா லாரி முனையத்துக்கும் வரும் வண்டிகளில் நாமக்கல், சங்ககிரி பதிவெண்கள் உண்டு. அவற்றின் சக்கரங்களுக்கு இடையே மிதிவண்டியில் செல்வோரில் தாராவித் தொழிலாளிகள் உண்டு. 2025 மார்ச் 24 இரவு தாராவி பேருந்துப் பணிமனை அருகே சமையல் எரிவாயு சிலிண்டர்கள் ஏற்றிய லாரி தீப்பிடித்து, சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. உயிர்ச்சேதம் நேராதது தற்செயல். 2024 டிசம்பர் 9 அன்று பக்கத்துக் குர்லாவில் அந்தத் தற்செயல் வாய்க்கவில்லை. பெஸ்ட் நிறுவனம் தனியாரிடம் குத்தகைக்கு எடுத்த மின்சாரப் பேருந்து கூட்டத்துக்குள் பாய்ந்து ஏழு பேருக்கு மேல் பலியாயினர். அன்றிரவே கைதானவர் ஓட்டுநர். அவ்வகைப் பேருந்தில் அவருக்குப் போதிய பயிற்சி இருந்ததா, பொதுப் போக்குவரத்தைக் குத்தகைக்கு விட்டவர்கள் யார் என்ற கேள்விகள் அதற்குப் பிறகே, மெதுவாக எழுந்தன.

செம்பூர், மாட்டுங்கா, தாராவிக் கிளைகளின் முன் உடனடியாக உள்ள வேலை இது. அடுத்த விபத்து நிகழும்போது காவல் நிலையத்துக்குச் செல்லும் தோழர்கள் இருதரப்புக் குடும்பங்களோடும் பேச வேண்டும். எடைச்சீட்டு, தகுதிச் சான்று, பிரேக் பராமரிப்புப் பதிவு, ஓட்டுநர் கடைசியாக ஓய்வெடுத்த நேரம் ஆகிய நான்கையும் வழக்கில் சேர்க்க எழுத்துமூலம் கோர வேண்டும். அதிகச் சுமை இருந்தால் 113(4)ஐப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். ஓட்டுநரே இறந்திருந்தால் அவருடைய குடும்பம் 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்ட வழியில் வந்த உரிமையைக் கோரலாம். அதற்கு அவர் அந்த வண்டியில் வேலை செய்தார் என்பதற்குச் சான்று தேவை. சம்பளச் சீட்டே இல்லாத தொழிலில் அந்தச் சான்று சுங்கச்சாவடி ரசீதிலும், டீசல் பில்லிலும், உரிமையாளர் அனுப்பிய கைபேசிச் செய்தியிலும்தான் கிடைக்கும். அவை அழிவதற்குள் எடுத்து வைக்க வேண்டும்.