திரைக்குள் போன பத்திரம்

திரைக்கு வெளியே காரியஸ்தர் நிற்கிறார். உள்ளே ஜமீன் வீட்டு விதவை. அவர் நீட்டிய பத்திரம் திரைக்குள் போகிறது. கைநாட்டோடு திரும்பி வருகிறது.

கைநாட்டு வைத்தது அந்த அம்மாள்தானா? வேலைக்காரியா? யார் பார்த்தார்கள்!

வங்காளத்தில் ஒரு காலத்தில் கோஷாப் பெண்களின் சொத்து இப்படிப் பறிபோனது உண்டு. நிலம் அவர்களுடையது. ஆனால் அன்னிய ஆணிடம் அவர்கள் பேசக்கூடாது. வக்கீல்களோ அத்தனை பேரும் ஆண்கள்.

கோர்ட்டு கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. பத்திரத்தைப் படித்து, அந்தப் பெண்ணுக்கு விளங்கும்படி சொன்னதாக நிரூபிக்கவேண்டும். இல்லாவிட்டால் பத்திரம் செல்லாது என்றது. நல்ல விதிதான். கோர்ட்டு வரை வந்தால் அல்லவா பயன்?

இந்தப் பெண்களுக்காகச் சட்டம் படித்தவர் கர்னீலியா சொராப்ஜி. 1866-ல் நாசிக்கில் பிறந்தவர். பூனா டெக்கான் கல்லூரியில் முதலாவதாகத் தேறினார். அதற்கு உரிய சீமைப் படிப்பு உதவித்தொகையை, பெண் என்பதால் சர்க்கார் கொடுக்கவில்லை. நண்பர்கள் பணம் திரட்டி அனுப்பினார்கள்.

1892-ல் ஆக்ஸ்போர்டில் பி.சி.எல். சட்டப் பரீட்சை எழுதினார். அதை எழுதிய முதல் பெண் அவரே. பாஸ் செய்தார். பட்டம்? பெண்களுக்குப் பட்டம் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை! ஊர் திரும்பி, அலகாபாத்திலும் சட்டப் பரீட்சை தேறினார். வக்கீல் சன்னது கொடுக்க மறுத்துவிட்டார்கள்.

1904-ல் வங்காள சர்க்கார் அவரைக் 'கோர்ட் ஆப் வார்ட்ஸ்' இலாகாவில் நியமித்தது. மைனர்கள், விதவைகள் ஆகியோரின் எஸ்டேட்டுகளைப் பராமரிக்கும் இலாகா அது. படகிலும் பல்லக்கிலும் போய், திரைக்கு உள்ளேயே உட்கார்ந்து அந்தப் பெண்களின் குறையைக் கேட்டார். சுமார் 600 பெண்களும் குழந்தைகளும் அவரால் பயன் பெற்றதாகச் சொல்வார்கள். அரசியலில் அவர் வெள்ளையர் ஆட்சியை ஆதரித்தார். அது வேறு விஷயம்.

1922-ல்தான் ஆக்ஸ்போர்டு பட்டம் கைக்கு வந்தது. 1923-ல் லண்டன் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டர் ஆனார். அதே ஆண்டு இந்தியாவிலும் பெண்கள் வக்கீல் ஆகலாம் என்று சட்டம் வந்தது.

பரீட்சை எழுதி 30 ஆண்டு! நஷ்டம் அவருக்கு மட்டுமா? அதற்குள் எத்தனை பத்திரங்கள் திரைக்குள் போய் வந்தனவோ!

1924-ல் கல்கத்தா ஹைக்கோர்ட்டில் பதிவு செய்துகொண்டார். கறுப்பு கவுன் கிடைத்த பிறகும், நின்று வாதாடும் வழக்குகள் அதிகம் வரவில்லை. சட்ட அபிப்பிராயம் எழுதிக் கொடுக்கும் வேலையே பெரும்பாலும் வந்தது.