தீப்பெட்டியா, காலண்டரா?

இலக்கியத் தளங்களில் விளம்பரம் இடம்பெறலாமா என்பது பழைய விவாதம். ஆண்டுதோறும் தளத்திற்குக் கட்டணம் செலுத்துகிற எங்களைப் போன்றோர் அதைப் பாவமாகக் கருதுவதற்கில்லை. எந்த விளம்பரம், யார் வழியாக என்பதே கேள்வி.

கரிசல் வட்டாரத்தாருக்கு இக்கேள்வி புதிதன்று. கோவில்பட்டியும் சாத்தூரும் சிவகாசியும் நாட்டுக்கு இருவகைத் தாள்களை அளித்துள்ளன. தீப்பெட்டி லேபிள் எவர் கைக்கும் போகும். குச்சி தீர்ந்ததும் குப்பைக்குப் போகும். காலண்டரில் தம் பெயரை அச்சிடும் ஜவுளிக்கடைக்காரரோ அதைத் தம் வாடிக்கையாளருக்கு மட்டுமே தருகிறார். எண்ணிக்கை குறைவு, ஆயினும் ஓராண்டு சுவரில் தொங்கும். கொடுத்தவர் யாரென்று வீடறியும்.

இணைய விளம்பரமும் இவ்விரு வழிகளிலேயே நடக்கிறது. கூகுள் ஆட்சென்ஸ் தீப்பெட்டியின் வழி. சிறு தளங்களுக்கும் அதில் இடமுண்டு. 2018 பிப்ரவரியில் அது தமிழை ஏற்றபோது நாங்களும் மகிழ்ந்தோம். ஆனால் பக்கம் திறக்கும் நொடியில் ஏலம் நடந்து, வென்றவரின் விளம்பரம் வந்து அமர்கிறது. சில வகைகளைத் தடுக்கலாம். இன்னதுதான் வரவேண்டும் என்று சொல்ல இயலாது. 100 டாலர் சேரும்வரை பணமும் கைக்கு வராது.

கி. ராஜநாராயணனின் 'கதவு' கதையில், தீர்வை பாக்கிக்காக ஓர் ஏழை வீட்டின் கதவையே பெயர்த்துச் செல்கிறார்கள். அக்கதையைப் பற்றிய கட்டுரையின் நடுவே உடனடிக் கடன் தரும் செயலியின் விளம்பரம் தோன்றினால், அது இடைசெவல்காரருக்குச் செய்யும் மரியாதையாகுமா?

விளம்பரதாரரைத் தேர்ந்து, கூடுதல் விலையும் தரும் உயர்தர வலையமைப்புகள் இருக்கின்றனவே என்பர். அவற்றின் வாசற்படி உயரம். அவற்றுள் ஒன்றான மீடியாவைன் நெடுநாள் மாதம் 50,000 வருகைகளைக் கேட்டது. சிற்றிதழ் வாசகரை நம்பி நடக்கும் தளத்திற்கு அது எட்டாக்கனி.

எஞ்சுவது காலண்டரின் வழி. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயைத் தயாரிப்பவர், புத்தகக் கடைக்காரர், பதிப்பகத்தார் ஆகியோரிடம் நேரில் சென்று, ஓராண்டுக்கு ஓரிடம், அதற்கொரு தொகை என்று பேசுவது. கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். பின்னட்டை விளம்பரத்திற்காகக் கடைகடையாய் ஏறி இறங்கிய சிற்றிதழ்க்காரர்களுக்கும் அக்கூச்சம் இருந்தது.

இதிலொரு கேடும் உண்டு. விளம்பரம் தந்த பதிப்பகத்தின் நூலை விமர்சிக்கக் கை தயங்கும். முகமறியா ஏலத்தில் அத்தயக்கம் இல்லை. அது அதன் நன்மை, மறுக்கவில்லை. எனவே ஒரு விதி வேண்டும்: ஒரு பதிப்பகத்தின் நூல் மதிப்புரை வெளியாகும் பக்கத்தில் அப்பதிப்பகத்தின் விளம்பரம் இடம்பெறலாகாது, இதை விளம்பரம் கேட்கும்போதே சொல்லிவிட வேண்டும். அதற்கு உடன்படாதவரின் பணம் வேண்டாம்.

வருவாய் குறையலாம். எனினும் எங்கள் பக்கத்தில் யார் பெயர் தொங்குகிறது என்பதை நாங்கள் அறிந்திருப்போம், வாசகரும் அறிந்திருப்பார்.